சொல்ல வேண்டாம், நடத்திக் காட்டுங்கள்!

பள்ளிக்கூடத்துக்குப் புதிய கற்பித்தல் முறை வருகிறது. மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வருகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிறது. சுவரில் படம் மாட்டுகிறார்கள், தரையில் வட்டம் போட்டுப் பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள். எல்லாம் நடக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பெற்று, விடியற்காலையில் எழுப்பி, சீருடை மாட்டி அனுப்பி வைக்கிற நமக்கு மட்டும் யாரும் எதுவும் சொல்வதில்லை. எப்போதாவது கூட்டம் போட்டுச் சொன்னாலும், 'செயல்வழி', 'அனுபவவழி', 'குழந்தை மையம்' என்று அச்சடித்த சொற்களை வாசித்துவிட்டுத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கூட்டம் முடிந்து வெளியே வரும் தாயிடம் "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், "ஏதோ நல்லதாத்தான் சொன்னாங்க" என்கிறாள்.

இந்த நிலை மாற வேண்டும் என்பதே நம் கருத்து. அதற்கு ஒரு வழியையும் முன்வைக்கிறோம். வகுப்பில் புதிதாக ஒன்றைச் செய்யப் போகும் ஆசிரியர் அதைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டாம். நடத்திக் காட்டட்டும். நாம் மாணவராக உட்காருகிறோம். பள்ளி நேரத்தில் நம்மால் வர முடியாது என்பதால், இரவில், கைப்பேசி வழியாக உட்காருகிறோம். அவர் பாடம் எடுக்கட்டும். நாம் பிள்ளைகளாக நடித்து, பிள்ளைகளுக்கு நேர்வது என்ன என்பதை அறிந்து கொள்கிறோம். நம் சங்கத்தின் கல்விக் குழு சில ஞாயிற்றுக்கிழமைகளாக இதைச் செய்து பார்த்து வருகிறது. கண்ட பலனை எல்லாத் தோழர்களுக்கும் தெரிவிப்பது நம் கடமை.

ஏன் இந்தக் கவலை?

இது ஆசிரியரின் வேலை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். நமக்குத்தான் எல்லாமே இதில் இருக்கிறது, தோழர்களே!

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. அவற்றில் தமிழும் ஒன்று. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நம் முந்தைய தலைமுறை தமிழில் எழுதப் படிக்கக் கற்றதற்கு அந்தப் பள்ளிகளே காரணம். இன்று அந்த வகுப்புகளில் பெஞ்சுகள் காலியாகிக் கொண்டிருக்கின்றன. ஆங்கிலப் பள்ளி வேண்டும் என்ற ஆசை ஒரு காரணம். அதை நாம் குறை கூறவில்லை. பிள்ளை முன்னேற வேண்டும் என்று எந்தத் தாய் தகப்பனுக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. வகுப்பில் என்ன நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை. தெரியாத இடத்தில் நம்பிக்கை வளராது.

நல்ல ஆசிரியை ஒருவர் பிள்ளைகளைக் கடை வைத்து விளையாட விட்டுக் கணக்குச் சொல்லித் தருகிறார் என்று வைத்துக் கொள்வோம். சாயங்காலம் தகப்பன் நோட்டைத் திறந்து பார்க்கிறான். ஒன்றும் எழுதப்படவில்லை. "என்னடா செஞ்சீங்க இன்னிக்கு?" என்று கேட்கிறான். "கடை விளையாட்டு விளையாடினோம்ப்பா" என்கிறான் பையன். போதாதா? மறு ஆண்டு அந்தப் பையன் சந்து முனையில் உள்ள தனியார் பள்ளியில் சேர்க்கப்படுகிறான். அங்கே நோட்டு நிறைய எழுத்து இருக்கிறது. எழுதியது பையனுக்குப் புரிந்ததா என்று கேட்பார் இல்லை. மாதா மாதம் கட்டணம் மட்டும் போகிறது. நல்ல முறையும் தோற்றது, நம் காசும் போயிற்று, தமிழ் வகுப்பில் ஒரு தலையும் குறைந்தது.

தமிழ்நாட்டிலும் இதே பிரச்சினையைப் பார்த்தோம். 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. ஆந்திரத்தில் ரிஷிவேலிப் பள்ளி உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்து எடுத்துக் கொண்டது அது. 2007-இல் மாநிலம் முழுவதும் பரவியது. ஆசிரியர் கரும்பலகை முன் நின்று பேசுவது குறைந்து, பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, தம் படிக்கு ஏற்ற அட்டையை எடுத்துத் தாமே கற்றார்கள். ஊரில் நம் உறவினர் பலர், "வாத்தியார் பாடமே நடத்துறதில்லை, பிள்ளைங்க அட்டையை வச்சி வெளையாடுது" என்றுதான் நமக்குச் சொன்னார்கள். முறை நல்லதா கெட்டதா என்பது கல்வியாளர்கள் விவாதிக்க வேண்டியது. ஆனால் அந்தப் பெற்றோரை ஒரே ஒரு நாள் தரையில் உட்கார வைத்து, கையில் ஓர் அட்டையைக் கொடுத்து, 'நீங்களே செய்து பாருங்கள்' என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு எழுந்திருக்குமா?

ரயில்வே கற்றுத் தந்த பாடம்

பத்தாவது வரை படித்து ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நமக்குக் கல்வித் தத்துவம் தெரியாது. ஆனால் நம் துறை தன் ஆட்களுக்கு எப்படிக் கற்றுக் கொடுக்கிறது என்பது தெரியும்.

ரயில்வேயின் மண்டலப் பயிற்சிப் பள்ளிகள் புசாவலில், திருச்சியில் என்று பல ஊர்களில் உள்ளன. அவற்றில் 'மாடல் ரூம்' என்று ஓர் அறை இருக்கும். உள்ளே நீண்ட மேடையில் சிறிய தண்டவாளம், சிறிய சிக்னல், சிறிய ஸ்டேஷன். ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்குத் தேர்வானவர்கள் அங்கே ஆளுக்கொரு ஸ்டேஷனில் உட்கார்ந்து வண்டியை ஓட்டிப் பழகுவார்கள். ஒருவர் தொலைபேசியில் அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டு 'லைன் கிளியர்' கேட்பார். அடுத்தவர் தன் பக்கம் பாதை காலியாக இருக்கிறதா என்று பார்த்து, தன் தாளில் உள்ள இரகசிய எண்ணைச் சொல்லி அனுமதி தருவார். இருவரும் அதைப் பதிவேட்டில் எழுதுவார்கள். நடுவில் பயிற்றுநர் வேண்டுமென்றே கருவியைப் பழுதாக்கி விடுவார். 'இப்போது என்ன செய்வீர்?' என்பார். புத்தகத்தில் விதியை ஒப்பிப்பவன் அங்கே திணறுவான். நடித்துப் பழகியவன் வண்டியை நிறுத்தி வைத்துவிட்டுச் செய்ய வேண்டியதைச் செய்வான்.

ஆயிரக்கணக்கான உயிர்கள் பயணம் செய்யும் வண்டியை ஓட்டுவிக்கும் வேலைக்கே இந்த 'நடிப்பு' வேண்டியிருக்கிறது. அதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை. மேலும் ஒன்றைக் கவனியுங்கள். லைன் கிளியர் கேட்கும் இரு மாஸ்டர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. கம்பி வழியாகக் குரல் மட்டுமே போகிறது. அவரவர் பாத்திரத்தை அவரவர் ஒழுங்காக வகிப்பதால் வண்டி பத்திரமாகப் போகிறது. தொலைவில் இருந்து கொண்டே பாத்திரம் ஏற்றுச் செயல்படுவது உழைக்கும் மக்களுக்குப் புதிய செய்தி அல்ல.

நாங்கள் நடத்திய கூட்டம்

இனி நம் குழு செய்ததைச் சொல்கிறோம். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூட்டம் தொடங்கும். ஒன்பது மணிக்கு முடித்தாக வேண்டும். இட்லி வியாபாரம் செய்யும் குடும்பங்கள் விடிவதற்கு வெகு முன்பே எழ வேண்டியவர்கள். ஒரு கூட்டத்துக்குப் பதினைந்து பேர் மட்டுமே. ஆசிரியர் மூவர்: இங்கே மாநகராட்சிப் பள்ளியில் பணிபுரியும் ஓர் ஆசிரியை, நம் மாலை வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் பெண், திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமத்தில் இருந்து ஓர் ஆசிரியர். ஊரில் இருக்கும் அவரை இங்கே வரவழைக்க ரயில் கட்டணம், விடுப்பு, தங்க இடம் என்று எத்தனை வேண்டும்! கைப்பேசியில் அவர் தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே வந்துவிட்டார்.

பெற்றோர் ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். திரையில் தம் பெயரை நீக்கிப் பாத்திரத்தின் பெயரை எழுதிக் கொள்ள வேண்டும். தையல் வேலை செய்பவர் 'ஐந்தாம் வகுப்பு, கடைசி பெஞ்ச்' ஆனார். வீட்டு வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் 'தம்பியை இடுப்பில் வைத்துக் கொண்டு படிக்கும் பெண்' ஆனார். தோல் பட்டறைத் தோழர் 'எல்லாவற்றுக்கும் முந்திக் கொண்டு பதில் சொல்லும் பையன்'. கட்டட வேலையில் இருக்கும் இன்னொருவர் வேலை நடக்கும் இடத்திலிருந்தே சேர்ந்தார். அவருக்குத் தனிப் பாத்திரம் எதுவும் கொடுக்கவில்லை, 'மாணவன்' என்று மட்டும் இருந்தார்.

பாடம் ரேஷன் கடைக் கணக்கு. ஆசிரியை தோளில் ஒரு துண்டைப் போட்டுக் கொண்டார். துண்டு தோளில் இருந்தால் அவர் கடைக்காரர். துண்டை எடுத்துவிட்டால் டீச்சர். இந்தச் சிறு ஏற்பாடு இல்லாவிட்டால் எது நடிப்பு, எது பாடம் என்று பிள்ளைகள் குழம்பிப் போவார்கள் என்றார். சரியான சொல்.

கணக்கு இதுதான்: 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 25 கிலோ. அதில் மூவர் பிழைப்புக்காக வேறு மாநிலத்தில், இருவர் ஊரில். எந்த ஊரிலும் வாங்கலாம் என்ற ஏற்பாட்டின்படி இங்கே வாங்கியது போக ஊரில் எவ்வளவு மிச்சம் இருக்க வேண்டும்? கடைக்காரர், "உங்க கார்டுக்கு இந்த மாசம் முடிஞ்சு போச்சு" என்கிறார். எதிரே நிற்பவர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்: "மூணு பேருக்குப் பதினஞ்சு வாங்கியிருக்கோம், இன்னும் பத்து கிலோ பாக்கி இருக்கணும், பார்த்துச் சொல்லுங்க."

பெருக்கல், கழித்தல் இரண்டும் இதில் இருக்கின்றன. அவற்றுடன் கடைக்காரரின் முகத்தைப் பார்த்துத் தன் உரிமையைக் கேட்கும் தைரியமும் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு எது குறைகிறது? கணக்கா, கேட்கும் வாயா? இரண்டையும் ஒரே பாடத்தில் தர முடியும் என்பதை அன்று கண்டோம். நோட்டில் எழுத்தே இல்லாத ஒரு வகுப்பு எப்படி நல்ல வகுப்பாக இருக்க முடியும் என்பது, பேசிப் புரிய வைக்க முடியாத விஷயம், அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஆசிரியரும் கற்றுக் கொண்டார்

பெற்றோருக்குப் புரிந்ததோடு நின்றிருந்தால் இதை இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டோம். முக்கியமான பலன் வேறு.

பாடம் முடிந்ததும் துண்டை எடுத்துவிட்டு ஆசிரியை கேட்டார்: "இந்த வகுப்பு உங்களுக்கு எப்படி இருந்தது? பெரியவங்களா சொல்ல வேண்டாம். அந்தப் பிள்ளையாவே சொல்லுங்க."

கடைசி பெஞ்சாக நடித்த தையல்காரர் சொன்னார்: "டீச்சர், நான் நாலு தடவை கையைத் தூக்கினேன். அந்தப் பையன் முந்திக்கிட்டே இருந்தான். அஞ்சாவது தடவை நான் தூக்கலை. தூக்கி என்ன ஆகப் போவுதுன்னு உக்காந்துட்டேன்."

கட்டட வேலைத் தோழருக்கு மூன்று முறை தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. அவர் சொன்னார்: "நான் திரும்பி வர்றப்போல்லாம் கடையில வேற ஆளு நிக்கறாங்க. பதினஞ்சுன்னு சொல்றாங்க, பத்துன்னு சொல்றாங்க. எதுக்குப் பத்துன்னு எனக்கு ஒண்ணும் வெளங்கலை. கேக்கவும் கூச்சமா இருந்தது."

இதைக் கேட்ட ஊர் ஆசிரியர், "இது ஊர்க் கொடைக்குப் போயிட்டு வர்ற பிள்ளை கதைதானே!" என்றார். எவ்வளவு உண்மை! கோயில் கொடை, கல்யாணம், சாவு என்று நாம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறோம். போன இடத்தில் பதினைந்து நாள், இருபது நாள் ஆகிவிடுகிறது. திரும்பி வரும் பிள்ளை வகுப்பில் உட்காருகிறது. பாடம் எங்கோ போய்விட்டது. கேட்கக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் தொடங்கும் பின்தங்கல் எட்டாம் வகுப்பில் படிப்பை நிறுத்துவதில் முடிகிறது. இதை எத்தனை குடும்பங்களில் பார்த்திருக்கிறோம்!

அங்கேயே, அந்த இரவிலேயே, மூன்று ஆசிரியர்களும் பேசிப் பாடத்தை மாற்றினார்கள். முதலாவது, பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுப்பது. முந்துகிற பையனுக்கும் பின்னால் இருக்கும் பையனுக்கும் அப்போது ஒரே வாய்ப்பு. இரண்டாவது, கடையில் எப்போதும் 'புது வாடிக்கையாளர்' என்று ஒரு பாத்திரம் வைப்பது. வகுப்புக்கு வராமல் இருந்து திரும்பிய பிள்ளைக்கு அந்தப் பாத்திரம் தரப்படும். புது வாடிக்கையாளருக்குக் கடையின் கணக்கு தெரியாது என்பது இயல்பு. அவர் கேட்கலாம், கேட்பதில் வெட்கம் இல்லை. வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகள் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லுகிறவனுக்கும் பாடம் உறுதிப்படும், கேட்கிறவனுக்கும் மானம் காக்கப்படும்.

தோழர்களே, இந்த யோசனை எந்தப் பயிற்சிக் கையேட்டில் இருந்து வந்தது? கட்டட வேலை செய்யும் ஒருவர் கைப்பேசித் தொடர்பு அறுந்து தவித்ததில் இருந்து வந்தது! நடிக்காமல் வெறும் கூட்டம் போட்டிருந்தால் அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

உலகம் கண்ட வழி

இது நாம் கண்டுபிடித்த புதுமை என்று பெருமை பேசவில்லை. இங்கிலாந்தில் டோரதி ஹீத்கோட் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1926-இல் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுக் கம்பளி ஆலையில் வேலைக்குப் போனவர். பின்னாளில் நியூகாசில் பல்கலைக் கழகத்தில் ஆசிரியர்களுக்கே ஆசிரியரானார். பிள்ளைகளை விவரம் தெரிந்த நிபுணர்களாக நடிக்க வைத்துப் பாடம் கற்பிப்பதும், ஆசிரியரே ஒரு பாத்திரமாக வகுப்புக்குள் நுழைவதும் அவருடைய வழி. நம் ஆசிரியை தோளில் போட்ட துண்டும் அந்த வழிதான். ஆலையில் வேலை செய்த பெண்ணுக்குத்தான் அது தோன்றியது என்பதை நாம் மறக்கக் கூடாது.

பிரேசில் நாட்டில் ஆகஸ்தோ போவால் என்ற நாடகக்காரர் இன்னொரு படி மேலே போனார். ஒடுக்கப்பட்டோரின் அரங்கு என்பது அவர் வைத்த பெயர். அநியாயம் ஒன்றை மேடையில் நடித்துக் காட்டுவார்கள். மறுபடி நடிக்கும்போது பார்ப்பவர் எழுந்து 'நிறுத்து' என்று சொல்லி, தானே மேடையேறி, இப்படிச் செய்திருக்க வேண்டும் என்று நடித்துக் காட்டலாம். 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, மக்கள் இப்படி நடித்துச் சொன்னவற்றில் இருந்து சட்ட முன்வரைவுகளையே உருவாக்கினார் அவர். வேடிக்கை பார்த்தவன் பங்காளியானால் என்ன நடக்கும் என்பதற்கு அது சான்று.

அவ்வளவு தூரம் போவானேன்? 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எழுத்தறிவைக் கொண்டு சென்றபோது முன்னால் போனது கலைக்குழுதான். நாடகமும் பாட்டும் வந்த பிறகே சிலேட்டு வந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அந்த இயக்கத்தில் சேர்ந்த பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது உலகம் அறிந்த செய்தி.

சட்டம் நம் பக்கம்

ஆசிரியர்கள் நமக்குச் செய்யும் தயவாக இதை யாரும் நினைக்க வேண்டாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, செயல்பாடுகள் வழியாகவும் தேடிக் கண்டறிதல் வழியாகவும் கற்பிக்க வேண்டும் என்கிறது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. 24-ஆம் பிரிவு, ஆசிரியர் பெற்றோரோடு முறையாகக் கூட்டம் நடத்திப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்று கடமையாக்குகிறது. 21-ஆம் பிரிவின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956-இலேயே சொல்லிவிட்டது.

2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையில் மொழி பற்றிய பகுதியில் நமக்குள்ள கருத்து வேறு விஷயம். ஆனால் ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில் பயிற்சி பெற வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த 50 மணியில் சில மணி நேரத்தைப் பெற்றோர் முன் நடத்திக் காட்டுவதற்கு ஒதுக்கினால் என்ன? ஆசிரியர் ஆசிரியருக்கே நடத்திக் காட்டினால் கைதட்டல் கிடைக்கும். நம் முன் நடத்திக் காட்டினால் உண்மை கிடைக்கும்.

மறுப்புகளுக்குப் பதில்

'டேட்டா செலவு யார் தருவது? வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் தகப்பன் கையில்' என்கிறார்கள். நியாயமான கேள்வி. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு, மும்பையில் சின்ன வகுப்புகள் 2021 டிசம்பரில் திறக்கும் வரை, இந்த ஒற்றைக் கைப்பேசியால் நம் பிள்ளைகள் பட்ட பாடு மறக்கக் கூடியதா? ஆகவே நாம் தெளிவாகச் சொல்கிறோம்: பிள்ளைகளின் வகுப்பைக் கைப்பேசிக்கு மாற்றச் சொல்லவில்லை. வகுப்பு வகுப்பறையிலேயே நடக்க வேண்டும். கைப்பேசி பெற்றோருக்கு, மாதம் ஒரு மணி நேரம் மட்டும். தகப்பன் கையில் இருக்கும் அதே கைப்பேசிதான் அவனைக் கூட்டத்துக்குக் கொண்டு வருகிறது. இல்லாதவர்கள் சாலில் ஒரு வீட்டில் நான்கு பேராகக் கூடி உட்காரலாம்.

'நாடகம் போட்டால் பாடத்திட்டம் முடியுமா?' என்கிறார்கள். எல்லாப் பாடத்தையும் நடிக்கச் சொல்லவில்லை. வாய்ப்பாடு மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டும். எழுதிப் பழகித்தான் ஆக வேண்டும். எங்கே பிள்ளைக்குப் புரியாமல் நிற்கிறதோ அங்கே நடிப்பு உதவும்.

'எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது' என்பது தாய்மார்கள் சொல்வது. முதல் நாள் கூசுகிறது, உண்மைதான். முகம் காட்டாமல் குரலோடு நடியுங்கள். இரண்டாம் வாரம் தானாகவே முகம் தெரியும்.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று: இதைப் படம் பிடித்து ஊரெங்கும் பரப்பக் கூடாது. படம் பிடிக்கிறார்கள் என்று தெரிந்த உடனே ஆசிரியரும் அழகுக்கு நடிப்பார், நாமும் அழகுக்கு நடிப்போம். உண்மை ஓடிப் போகும். இரண்டு: வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாத்திரம் தரும்போது, பிழைக்க வந்தவன் மகனுக்குக் கூலிக்காரன் பாத்திரம், கறுத்த பிள்ளைக்குத் திருடன் பாத்திரம், பெண் பிள்ளைக்கு எப்போதும் சமையல்காரி பாத்திரம் என்று போகக் கூடாது. 'மதராஸி' என்று கேலிக்கு ஆளாகும் பிள்ளையை அந்தக் கேலியையே நடிக்கச் சொல்வது கொடுமை. அவனை அதிகாரி நாற்காலியில் உட்கார வையுங்கள், டாக்டராக, நீதிபதியாக நிற்க வையுங்கள். வாழ்க்கை தராத நாற்காலியை வகுப்பறையாவது தரட்டும்.

செய்ய வேண்டியது

ஒவ்வொரு வட்டாரக் கிளையும் ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் நம் தாய்மார்கள் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். பெயருக்கு இருப்பவர்களாக இருந்தால், அவர்களை உண்மையான உறுப்பினர்களாக்குங்கள். அவர்கள் வழியாகத் தலைமையாசிரியரிடம் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: "மாதம் ஒரு புதிய பாட முறையை எங்களுக்கு இரவில் கைப்பேசியில் நடத்திக் காட்டுங்கள். நாங்கள் மாணவர்களாக வருகிறோம்." மறுப்பவர்களோடு சண்டைக்குப் போக வேண்டாம். ஒத்துழைக்கும் ஓர் ஆசிரியர் போதும். ஒருவர் தொடங்கினால் அடுத்தவர் வருவார். ஆசிரியர்களும் நம்மைப் போலச் சம்பளத்துக்கு உழைப்பவர்களே. ஞாயிறு இரவை நமக்காகத் தருகிறவர்களுக்கு நாம் மரியாதை தர வேண்டும், நன்றி சொல்ல வேண்டும்.

கூட்டம் முடியும் முன் மூன்று கேள்விகளைக் கட்டாயம் கேளுங்கள். இந்தப் பாடத்தில் பேசாத பிள்ளை எப்போது பேசும்? ஊருக்குப் போய் வந்த பிள்ளை எங்கே வந்து சேரும்? வீட்டில் நாங்கள் எதைக் கேட்டால் பிள்ளைக்குப் புரிந்ததா என்று தெரியும்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் அது நல்ல பாடம். கிடைக்காவிட்டால் கூட இருந்து திருத்துங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குப் பள்ளிக்கூடத்தில் என்ன வேலை என்று கேட்ட காலம் போகட்டும். பிள்ளையின் இடத்தில் உட்கார்ந்து பார்க்க எழுத்தறிவு வேண்டியதில்லை. பிள்ளையை அறிந்திருந்தால் போதும். அதில் நம் தாய்மார்களை விஞ்சிய பண்டிதர் எவரும் இல்லை!

வரும் மாதக் கூட்டத்துக்குப் பாத்திரம் ஏற்க விரும்புவோர் தம் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கடைசி பெஞ்சுக்கு இன்னும் இடம் இருக்கிறது.